இறக்குக் கூலி

பாலாற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் இரண்டு மாதம். நல்ல மழை பிடித்தால் மூன்று. மிச்ச மாதமெல்லாம் வெறும் மணல்தான். அந்த மணலில் பரிசல் சும்மா கவிழ்ந்து கிடப்பதற்குப் பன்னிரண்டு மாதமும் கூலி கொடு என்று கேட்டானே ஆதிகேசவன், அந்த வாயில் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு என் இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது. அதனால் தப்பித்தான்.

என் பெயர் சவுரியம்மாள். ஆம்பூருக்கு எதிர்க்கரையில் மணல்மேடு எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேருக்கு அக்கரையில் தோல் பதம் போடுகிற தோல்ஷாப்புகளில் வேலை. ஆறு காய்ந்திருந்தால் மணலில் நடந்தே போய்விடுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான் கதி. என் புருஷன் ரத்தினசாமி பரம்பரையாகப் பரிசல் ஓட்டுகிறவன். மழையில்லாத ஒரு வருஷம் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்யப் போனான். உள்ளங்கை இரண்டும் பாளம் பாளமாக வெடித்துப் போயின. துடுப்பைப் பிடித்தால் ரத்தம் கசியும். அன்றிலிருந்து துடுப்பு என் கைக்கு வந்தது. பொம்பளை ஓட்டுகிற பரிசலா என்று சிரித்த ஆம்பிளைகள் அடுத்த வெள்ளத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

பரிசல் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. மூங்கில் பிளாச்சைப் பின்னி வட்டமாக ஒரு பெரிய கூடை, கூடைக்கு வெளியே எருமைத் தோல், தையல் மேலே தார். அவ்வளவுதான். ஆனால் தோல் அல்லவா? நாள் முழுக்கத் தண்ணீரில் விட்டால் ஊறித் தொளதொளத்துத் தையல் பிரிந்துவிடும். அக்கரைக்குப் போய்த் திரும்பியதும் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். பொழுது சாய்ந்தால் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்புப் புகை படுகிற இடத்தில் சாத்தி வைப்போம். புகை பட்ட தோலைப் பூச்சி அரிக்காது. எங்கள் மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான். பரிசல் கவிழ்ந்து கிடக்க ஆற்றோரம் நாலு முழம் மணல். அதற்கு மேல் யாரிடமும் எதையும் நாங்கள் கேட்டதில்லை.

அந்த நாலு முழம் மணலுக்குத்தான் சனியன் பிடித்தது.

ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு தோல் வியாபாரம் ஏறியது. அக்கரையில் புதுசு புதுசாகத் தோல்ஷாப்பு வந்தது. ஆற்றைக் கடக்கிற கூட்டமும் ஏறியது. கூட்டத்தைப் பார்த்ததும் சிலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆதிகேசவனுக்கு ஊறியது. துறையை ஏலத்தில் எடுத்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் துறையின் இந்தக் கோடியில் ஒரு கல், அந்தக் கோடியில் ஒரு கல். அம்மிக் குழவியைவிடக் கொஞ்சம் பெரிய கல்தான், தலையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து நட்டிருந்தான். இரண்டு கல்லுக்கும் நடுவே இருக்கிற மணல் அவனுடையதாம். வேறு இடத்தில் இறக்கலாமே என்றால், மேலேயும் கீழேயும் கரை ஆளுயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது, முழுக்கக் கருவேல முள். ஜனங்கள் இறங்கி ஏறச் சரிவு அந்த ஒரு இடத்தில்தான் உண்டு. அது தெரிந்துதானே கல்லை நட்டான்.

முதல் வருஷம் எட்டணா கேட்டான். போகட்டும் என்று கொடுத்தோம். அப்போது துறையில் நாலு பரிசல் இருந்தன. நாலு பேரும் கொடுத்தோம். கொடுத்ததுதான் வம்பாகப் போயிற்று.

இரண்டாம் வருஷம் அவன் வாயைத் திறக்கத் திறக்கப் புதுக் கூலி பிறந்தது. துறைக் கூலி தனி. பரிசலைக் கட்டி வைக்க முளை அடித்திருக்கிறேன், முளைக் கூலி தனி. புளியமரத்து நிழல் விழுகிறது, நிழல் கூலி தனி. ஆள் போட்டுக் காவல் பார்க்கிறேன், காவல் கூலி தனி. இதெல்லாம் போதாதென்று, துறையில் ஓடுகிற பரிசல் வருஷம் முழுக்கத் துறையிலேயேதான் கிடக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போனால் மறுபடி தண்ணீரில் இறக்க விடமாட்டேன் என்றான்.

"ஏன் அய்யா, ஆறு காஞ்சு கிடக்கிற மாசத்துக்குமா கூலி?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் அவனை அய்யா என்றுதான் சொல்வேன்.

"ஆறு காஞ்சா நான் இன்னா பண்றது சவுரி? ஏலப் பணம் காய மாட்டேங்குதே! முன்னைக்கு இப்ப எல்லாம் ஜாஸ்தி ஆயிடுச்சு. உனக்கு மட்டும் கம்மியா வருமா?" என்று பல்லைக் காட்டினான்.

என் காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அந்த வருஷக் கூலியைக் கட்டினேன். பரிசல் அவன் புளியமரத்தடியில் கிடந்தது. சித்திரை மாதம், நெருப்பாக வெயில். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். அக்கரையில் தோலிலிருந்து சீவிப் போடுகிற ஜவ்வைத் தின்று தின்று ருசி கண்ட நாய்கள், மணலில் நடந்து இந்தக் கரைக்கு வந்திருக்கின்றன. என் பரிசல் தோலைக் கடித்து இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தின் மேலேயே படுத்துத் தூங்கின. மூங்கில் கூடு வெறும் எலும்புக்கூடாக நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாயை அடிக்கவில்லை. நேராக ஆதிகேசவன் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"காவல் கூலி வாங்கினீங்களே, காவல் எங்கே போச்சு?"

அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான்: "காவல்னா திருடனுக்கு. திருடன் வந்தானா? வரல. நாய்க்குத் தனியா ஒரு கூலி கட்டியிருந்தா நாயையும் பார்த்துக்கிட்டிருப்பேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்று அழுதேன். துக்கத்தில் அழவில்லை. அவன் கழுத்தை நெரிக்க முடியாத கோபத்தில் அழுதேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவன் மாட்டுக் கொட்டகை கண்ணில் பட்டது. அங்கே மூன்று பரிசல்கள் வரிசையாகக் கிடந்தன. கூலி கட்ட முடியாமல் மற்ற மூன்று பேரும் வந்த விலைக்கு அவனிடமே தள்ளிவிட்டுப் போன பரிசல்கள். ஓட்ட ஆள் போடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆளாவது மண்ணாவது! அதில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றி மாட்டுக்குத் தொட்டியாக வைத்திருந்தான். தோல் ஊறி அழுகி நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதில் ஒன்று கன்னியப்பன் பரிசல். எவ்வளவு வெள்ளத்திலும் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி ஆட்டி அக்கரை சேர்ப்பான் கன்னியப்பன். இப்போது ஆதிகேசவனிடமே துறையில் கூலி வசூல் பண்ணுகிற ஆளாகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

என் பரிசலும் அந்தக் கொட்டகையில் நாலாவது தொட்டியாகப் போய்க் கிடக்குமா? கிடக்காது. என் உயிர் இருக்கிறவரைக்கும் கிடக்காது என்று அங்கேயே காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அக்கரைத் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர் அப்துல் சமத். என் பரிசலில் தினம் வந்து போனவர்தான். விஷயத்தைச் சொன்னதும் மண்டியின் மூலைக்குப் போய் ஒரு எருமைத் தோலை இழுத்து வந்து விரித்தார். நல்ல கனத்த தோல். ஆனால் தொடைப் பக்கம் சூடு போட்ட தழும்பு தழும்பாக இருந்தது.

"பார் தங்கச்சி. இத்தனை சூடு போட்ட தோலைக் கப்பல்ல ஏத்தினா வெள்ளைக்காரன் திருப்பி என் மூஞ்சியில அடிப்பான். உனக்கு இன்னா, தண்ணி உள்ளே பூராம இருந்தா போதும்ல?"

"இன்னா தரணும் பாய்?"

"தோல் பதத்துக்கு ஆவாரம்பட்டை இடிக்க ஆள் வேணும். தோல் விலைக்குச் சரியாப் போற வரைக்கும் வந்து இடி. அதுக்கு மேல கேட்டா அல்லா என்னைக் கேப்பான். அந்த ஆளு ஊரையே பேஜார் பண்றான்."

வெயில் காலம் பூராவும் உலக்கை பிடித்துப் பட்டை இடித்தேன். ஒவ்வொரு இடிக்கும் ஆதிகேசவன் பெயரைச் சொல்லி இடித்தேன். பட்டை மாவாகப் போயிற்று. ரத்தினசாமி வெடித்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தோலைக் கூட்டில் இழுத்துக் கட்டினான். நான் தைத்தேன். தழும்புக்கெல்லாம் தார் பூசினோம். ஐப்பசிக்குப் பரிசல் தயார். துறையில் அந்த ஒரே ஒரு பரிசல்தான்.

"இந்த வருஷம் ராத்திரிக்கு நான் வீட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போவேன்" என்று ஆதிகேசவனிடம் சொன்னேன். அவன் முடியாது என்றால் துறையில் பரிசலே இருக்காது. ஒரு காசும் விழாது. அது அவனுக்குத் தெரியும். யோசித்தான். மறுநாள் சாயங்காலம் தண்டோராக்காரன் வந்தான்.

"இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, இந்த ரெண்டு கல்லுக்கும் நடுவுல பரிசலைத் தரையில எறக்கி வெச்சா, ஒவ்வொரு எறக்கத்துக்கும் ஒரு அணா எறக்குக் கூலி!" என்று பறையைத் தட்டினான்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நடைக்கு ஒரு இறக்கம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அரிசியும் கேழ்வரகும் கொடுக்கிற ஏழைகள். அணாவுக்கு நான் எங்கே போவேன்? ஓட்டி வருகிறதை அவனிடம் கொடுத்துவிட்டுக் கையை நக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நேராகப் பிடுங்கிக் கொட்டகையில் போட முடியாமல் இப்படிச் சுற்றி வந்து பிடுங்கப் பார்க்கிறான். ஊரே துறையில் கூடி நிற்க, அவன் குடை பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றான்.

"தரையில வெச்சாத்தானே கூலி?" என்று நான் கத்தினேன். "வெக்கலன்னா?"

அவன் கடகடவென்று சிரித்தான். "வெக்காம? ஆகாசத்துல நிறுத்தி வெச்சுக்கோ. ஒரு காசு வேணாம். எல்லாரும் கேட்டுக்குங்கப்பா, சவுரியம்மா பரிசலை ஆகாசத்துல வெச்சா கூலியே கிடையாது!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றேன் நானும்.

மறுநாள் விடிகாலை, முதல் நடையில் ஷாப்பு ஆட்களை அக்கரையில் விட்டுத் திரும்பினேன். துறையில் அடுத்த நடைக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கன்னியப்பன் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் முழங்கால் தண்ணீரில் குதித்து, "யாரும் பரிசலைத் தரையில விடாதீங்க! தூக்குங்க! தலைக்கு மேல தூக்குங்க!" என்று கூவினேன்.

முதல் ஆளாக ரத்தினசாமி வந்தான். "கைதான் போச்சு. தலை இருக்குதில்ல?" என்று சொல்லிக் குனிந்து உள்ளே புகுந்தான். அடுத்து யார் வந்தது தெரியுமா? மீனாம்பாள். கன்னியப்பன் பெண்டாட்டி. கன்னியப்பன் பரிசலை விற்ற அன்றிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. தோல்ஷாப்பில் ஆட்டு மயிர் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்து பரிசலின் ஒரு பக்கத்தைத் தாங்கினாள். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம். பரிசல் கவிழ்ந்தபடி எங்கள் தலைமேல் நின்றது. தோலுக்குக் காற்றுப் பட்டது. கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. கீழே நின்ற எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. துறையில் நனைந்தவன் கன்னியப்பன் ஒருத்தன்தான்.

அவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். "மீனா... நீ எதுக்குடி இதுல?"

"ஆகாசத்துல நிக்கிற பரிசல் இது. உன் பையை எடுத்துக்கிட்டுப் போ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த நடைக்கு நிற்கிறவர்கள் பரிசலைத் தாங்கி நிற்பார்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நான் கரையை நெருங்கும்போதே சும்மாடு சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். கழுத்து வலித்தால் ஆள் மாறிக்கொள்வார்கள். ஆதிகேசவனுக்கு ஒரு இறக்குக் கூலிகூடக் கிடைக்கவில்லை. திண்டாடட்டும் என்று இருந்தோம்.

கார்த்திகையில் வந்தது பாரு ஒரு வெள்ளம்! மேற்கே மலையில் எங்கேயோ கொட்டித் தீர்த்திருக்கிறது. ஆறு செங்காவியாகப் புரண்டு வந்தது. வேரோடு மரங்கள் மிதந்து வந்தன. காலை நடைக்கு வந்த பதினைந்து இருபது பேரை நான் ஏற்றவில்லை. "மரம் வர்றது நிக்கட்டும். அவசரப்பட்டா பொணமாத்தான் அக்கரை சேருவோம்" என்று சொல்லிவிட்டேன். அக்கரையில் ஷாப்பு மணி அடித்தது. அரை நாள் கூலி போயிற்று. யாரும் நகரவில்லை. பரிசலைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதன் கீழே நெருக்கியடித்து நின்றோம்.

அப்போதுதான் ஆதிகேசவன் வந்தான். வெளுத்த வேட்டி, கோட்டு, தலைப்பாகை, கையில் குடை, கக்கத்தில் ஏலப் பண மூட்டை. அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக்குத் துறை ஏலம். ஆம்பூரில், உச்சிப் பொழுதுக்கு. ஆள் போகவில்லை என்றால் துறை வேறு யார் கைக்காவது போய்விடும். வந்தவன் ஆற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். ஏலத்துக்குப் போகிற வழியிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பரிசல் ஆகாசத்துல இருக்குது, சரி. தாங்குறவங்க காலு எங்கே இருக்குது? என் தரையிலதானே? காலுக்குக் கூலி எடுங்க! கன்னியப்பா, தலையை எண்ணு, ஆளுக்குக் காலணா வாங்கு!"

பரிசல் தோலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் பையைப் பிடித்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தான். பெண்டாட்டி இருந்த பக்கம் பார்த்தான். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி ஆதிகேசவன் காலடியில் போட்டான்.

"நீயே எண்ணிக்கோய்யா" என்றான். குனிந்து பரிசலுக்குக் கீழே புகுந்து மீனாம்பாள் பக்கத்தில் நின்று தலையைக் கொடுத்தான். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆதிகேசவன் முகம் கறுத்துவிட்டது. ஆனால் பொழுது ஏறிக்கொண்டே இருந்தது. கொட்டகையில் மூன்று பரிசல் வைத்திருக்கிறானே, அதில் ஒன்றை எடுத்து வந்து ஓட்டட்டுமே! தவிட்டுத் தண்ணீரில் அழுகிய தோல் பத்தடி தூரம்கூடத் தாங்காது. துறையில் தண்ணீர் பூராத பரிசல் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் துரத்தி அடித்தவன் அவனேதான்.

"சவுரி" என்றான், குரலை இறக்கி. "மரம் வர்றது நின்னுடுச்சு போல. என்னை அக்கரையில விட்டுடு. அவசரம்."

ஆற்றைப் பார்த்தேன். உண்மையாகவே அடங்கியிருந்தது. "விடறேன். வேற யார் ஏறுறீங்க?" என்று பரிசலுக்குக் கீழே கேட்டேன்.

"இந்தாளு ஏறுற பரிசல்ல நாங்க ஏற மாட்டோம்" என்றாள் மீனாம்பாள். "அரை நாள் கூலி போயாச்சு. இன்னும் ஒரு நடை நின்னா இன்னா கெட்டுப் போச்சு?" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"பார்த்தியா?" என்று அவன் பக்கம் திரும்பினேன். 'அய்யா' போய் 'நீ' வந்தது அப்போதுதான். எனக்கே அது தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. "நீ ஒருத்தன் ஏறினா பாரம் பத்தாது. நடு ஆத்துச் சுழியில பரிசல் பம்பரமா சுத்தும். பாரம் கொண்டா."

"மணல் மூட்டை கட்டிப் போட்டுக்கலாமே?"

"உன் துறை மணலை நான் எடுத்தா மணல் கூலி கேப்பே. வேணாம். அதோ ரெண்டு கல்லு நட்டு வெச்சிருக்கியே, அதைக் கொண்டாந்து வை. உன் கல்லு, உன் பாரம். எனக்கு ஒரு வம்பும் வராது."

"இன்னாடி சொல்றே? அது எல்லைக் கல்லு!"

"அப்ப உக்காரு. வெள்ளம் வடியட்டும். கல்லையும் பார்த்துக்கிட்டு ஏலத்தையும் நினைச்சுக்கிட்டு உக்காரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். தூக்க ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் பரிசலுக்குக் கீழே பெண்டாட்டியோடு நின்றான். குடையை மடக்கி வைத்தான். கோட்டைக் கழற்றினான். மழையில் மண்டி போட்டு, ஈர மணலைக் கையாலே தோண்டி, முதல் கல்லைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். சுண்ணாம்பு கரைந்து தலைப்பாகை, மூக்கு, மீசை எல்லாம் வெள்ளையாக வழிந்தது. அப்புறம் அந்தக் கோடிக்குப் போய் அடுத்த கல்லையும் கொண்டுவந்தான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவே இல்லை. நெஞ்சு திகுதிகு என்று எரிந்துகொண்டிருந்தது. என் கம்மல், நாய் தின்ற தோல், வெயில் பூராவும் இடித்த பட்டை, கொட்டகையில் நாறுகிற மூன்று பரிசல், எல்லாம் அந்தக் கல்லோடு சேர்ந்து வருகிற மாதிரி இருந்தது.

பரிசலைத் தண்ணீரில் விட்டார்கள். அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறிக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுழியைத் தாண்டும்வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாரம் நிஜமாகவே வேண்டித்தான் இருந்தது. தாண்டியதும் அலை பெரிதாக வந்தது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. சத்தியமாகப் புகுந்தது. கொஞ்சம் நானும் அந்தப் பக்கம் சாய்த்துத்தான் பிடித்தேன்.

"ஐயோ, தண்ணி! தண்ணி வருது!" என்று அலறினான்.

"சுழி போயிடுச்சு. இனிமே பாரம் ஆவாது. ஒண்ணு நீ எறங்கு, இல்லன்னா கல்லை எறக்கு."

"எறக்குடி! சீக்கிரம் எறக்கு கல்லை!"

"நான் எறக்க மாட்டேன்ப்பா. எறக்குனா கூலி ஆவும். நீயே எறக்கு."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த அலை முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி ஆற்றில் போட்டான். அதற்குப் பின்னாலேயே மற்றதையும் போட்டான். பாலாறு இரண்டையும் முழுங்கிக்கொண்டு அதுபாட்டுக்குப் போயிற்று.

அக்கரையில் இறங்கும்போது, "அரையணா" என்று கை நீட்டினேன். எல்லாரும் கொடுக்கிற அதே கூலி. ஒரு தம்படி கூடக் கேட்கவில்லை. நான் ஆதிகேசவன் இல்லை. அவன் எடுத்துக் கொடுத்துவிட்டு ஏலத்துக்கு ஓடினான்.

இந்தக் கரைக்குத் திரும்பி வந்தேன். கல் பிடுங்கிய குழி இரண்டிலும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ரத்தினசாமியும் கன்னியப்பனும் பரிசலைத் தூக்கத் தலையைக் கொண்டுவந்தார்கள். "வேணாம், தரையில போடுங்க. கல்லே இல்ல, இனி கூலி எது?" என்றேன். அந்த ஐப்பசியிலிருந்து முதல் தடவையாக என் பரிசல் மணலில் கவிழ்ந்து கிடந்தது. அது பக்கத்தில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன்.

ஏலத்தில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லையாம். துறை மறுபடி அவனுக்கே போயிற்று. எனக்கும் தெரியும், இரண்டு கல்லால் அவன் புத்தி மாறிவிடாது. புதுக் கல் செய்யச் சொல்லிவிட்டான். இந்த முறை இரண்டும் பெரிய கல், இரண்டிலும் அவன் பெயரே வெட்டியிருக்கிறது. ஆனால் கல் வெட்டுகிறவன் இருப்பது ஆம்பூர்ப் பக்கம். வெட்டி முடித்து அக்கரையிலேயே ஆற்றோரம் கொண்டுவந்து போட்டுவிட்டான். ஆறோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கரைக்குக் கொண்டுவர என் பரிசலை விட்டால் வேறு வழியில்லை. நான் ஏற்றமாட்டேன் என்று சொல்லியாயிற்று. கன்னியப்பனுக்கு இரண்டாவது பரிசலுக்கு மூங்கில் பின்னிக்கொண்டிருக்கிறோம். அவனும் ஏற்றமாட்டானாம். தை பிறந்து ஆறு வற்றினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். வரட்டும். இருபது தலை அன்றைக்குச் சும்மாடு இல்லாமலேயே வண்டிக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

அதுவரைக்கும் அவன் என் பரிசலில்தான் டவுனுக்குப் போய் வருகிறான். அன்றைக்கு ஏற மாட்டோம் என்றவர்களும் இப்போது வேடிக்கைக்காகவே அவனோடு ஏறுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கரையை நெருங்கும்போது, பரிசலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நான் கேட்பேன்: "ஏம்ப்பா, உன் புதுக் கல்லு ரெண்டும் இங்கே தரையிலயே கிடக்குதே, இதுக்கு எறக்குக் கூலி யாருக்குக் கட்டுறே?"

அவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துபோவான். மற்றவர்கள் இறங்கப் பரிசலைக் கரை வரைக்கும் கொண்டுபோய் மணலில் ஏற்றுவேன். அவனுக்கு மட்டும் ஏற்றுவதில்லை.